அழுத்தக் காற்றில் (ஏர்) ஓடும் இயந்திரம் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

நியூமேட்டிக் இயந்திரம், அதாவது அழுத்தக் காற்றால் ஓடும் இயந்திரம், நின்றுபோனால் பெரும்பாலான இடங்களில் முதலில் கழற்றப்படுவது, காற்று தள்ள ராடு நீண்டு சுருங்கும் சிலிண்டர். கடைசியாகக் கழற்ற வேண்டியதும் அதுதான். சீல் போய்விட்டது என்று மாற்றி எறிந்த சிலிண்டர்களில் பல நல்ல நிலையில்தான் இருக்கும். உண்மையான பழுது, வெளியேறும் காற்றின் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் அடைத்துப்போனதிலோ, ஈரம் ஏறிய வால்விலோ, அரை பார் அழுத்தம் இழக்கும் ஃபில்டரிலோ உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## கை வைக்கும் முன்

கரண்டை நிறுத்தினால் மட்டும் போதாது. ஏர் லைனை மூடிப் பூட்டி, இயந்திரத்துக்குள் மிச்சமிருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். சாதாரண பால் வால்வை மூடினால் அதற்கு அப்புறம் உள்ள காற்று அப்படியே நிற்கும். மூடும்போதே கீழ்ப்பக்கக் காற்றை வெளியே விடும் வகை வால்வு எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) யூனிட்டுக்கு முன்னால் இருந்தால் நல்லது.

கேஜ் பூஜ்யம் காட்டினாலும் 3 இடங்களில் காற்று தங்கியிருக்கலாம்: நடுநிலையில் எல்லாப் போர்ட்டும் (காற்று வாய்) மூடும் 5/3 வால்வுக்கும் (5 போர்ட், 3 நிலை) சிலிண்டருக்கும் நடுவில், காற்றைத் திரும்ப விடாத பைலட் செக் வால்வுக்கு அப்புறம், இயந்திரத்தோடு தனியாக இருக்கும் சின்ன டேங்கில். எடையைத் தூக்கியபடி செங்குத்தாக நிற்கும் சிலிண்டர் என்றால், காற்றை விடும் முன் எடைக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிடுங்கள். காற்று போன அந்த நொடியே அது இறங்கும்.

லீக் தேடுகிறேன் என்று உள்ளங்கையை வைக்கக் கூடாது. அழுத்தக் காற்று தோலுக்குள் புகுந்தால் ஆஸ்பத்திரி வேலையாகிவிடும். சோப்பு நுரையும் பிரஷும் போதும்.

இன்னொன்று: காற்றை முழுக்க விட்டபின் திரும்பத் திறந்தால் முதல் ஸ்ட்ரோக் வழக்கத்தைவிட வேகமாகப் பாயும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது சிலிண்டரை விட்டு வெளியேறும் காற்று. மறுபக்கம் காலியாக இருந்தால் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. அதனால் அழுத்தத்தை அமைக்கும் ரெகுலேட்டரை முழுக்கத் தளர்த்திவிட்டு ஏரைத் திறந்து, மெதுவாக ஏற்றுங்கள். கைகள் வெளியே இருக்கட்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் 2 சோதனை

ஓடும்போது கேஜைப் பாருங்கள். நின்றிருக்கும்போது 6 பார் காட்டுவதில் ஒரு செய்தியும் இல்லை. சிலிண்டர் நகரும் நேரத்தில் முள் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கேள்வி. 0.5 பாருக்கு மேல் விழுந்து, நின்றதும் திரும்ப ஏறினால், வால்வுக்கு முன்பே எங்கோ அடைப்பு. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போக வேண்டாம்.

வால்வின் மேனுவல் ஓவர்ரைடை அழுத்துங்கள். மின்காந்தக் காயிலால் மாறும் சோலனாய்டு வால்வின் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ அல்லது பொத்தான் இருக்கும். ஆட்கள் விலகியபின், மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் கரண்டு இல்லாமலே, உள்ளே காற்றின் வழியை மாற்றும் ஸ்பூல் நகரும். இந்த ஒரே அழுத்தலில் பழுது மின்சாரத்திலா, காற்றிலா என்று பிரிந்துவிடும். திருப்பிப் பூட்டும் வகை என்றால் சோதனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப மறக்காதீர்கள். ‘வால்வு மாறவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாரில் ஒரு பங்கு, யாரோ பூட்டிவிட்டுப் போன ஓவர்ரைடால் வருவது.

## சிலிண்டர் அசையவே இல்லை

### ஓவர்ரைடை அழுத்தினால் ஓடுகிறது

காற்றுப் பக்கம் சரி. பழுது மின்சாரப் பக்கம்.

காயில் கனெக்டரில் விளக்கு எரிகிறது என்பதற்காக காயில் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விளக்கு கனெக்டருக்குள் இருக்கிறது. உள்ளே கம்பி அறுந்திருந்தாலும் எரியும். காயில் நட்டின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொண்டுபோங்கள். கரண்டு வரும்போது இரும்பை இழுத்தால் காயில் வேலை செய்கிறது.

இழுக்கவில்லை என்றால் மல்டிமீட்டர். காயில் முனையில், லோடு இருக்கும்போதே வோல்டேஜ் எடுங்கள். 24 வோல்ட் டி.சி. காயிலுக்குப் பொதுவாக 21.6 வோல்டுக்குக் கீழே போகக் கூடாது. நீளமான மெல்லிய ஒயர், தளர்ந்த டெர்மினல், ஒரே பவர் சப்ளையில் அளவுக்கு மீறிய காயில்கள் என இறங்குவதற்குக் காரணங்கள் இவைதான். வோல்டேஜ் சரியாக இருந்தால் கரண்டை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 24 வோல்ட், 4.8 வாட் காயில் என்றால் 120 ஓம் அளவில் காட்ட வேண்டும். முடிவில்லாமல் காட்டினால் அறுந்தது, சில ஓம் மட்டும் என்றால் ஷார்ட்.

புதுக் காயிலும் சீக்கிரம் கருகினால் காயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏ.சி. காயிலில் உள்ளே இருக்கும் பிளஞ்சர் (காந்தம் இழுக்கும் இரும்புத் துண்டு) முழுக்க மேலேறாமல் சிக்கினால் கரண்டு இறங்காது, சூடேறிக் கருகும். பிளஞ்சர் குழாயைக் கழற்றி அழுக்கு, துரு பாருங்கள். அதே காரணத்தால், ஏ.சி. காயிலைத் தண்டிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டு கரண்டு கொடுத்துப் பார்ப்பதும் கூடாது.

வோல்டேஜே வரவில்லை என்றால் ஃபியூஸ், எமர்ஜென்சி ஸ்டாப், பாதுகாப்புக் கார்டு கதவின் சுவிட்ச், பிறகு பி.எல்.சி. (இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் கணினி) அவுட்புட் விளக்கு. அவுட்புட் விளக்கு எரியாவிட்டால் கட்டளையே வரவில்லை என்று பொருள். ‘பாதியில் நிற்கிறது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

### ஓவர்ரைடை அழுத்தினாலும் ஓடவில்லை

1. வால்வுக்கு வரும் அழுத்தம். பைலட் வகை வால்வுகள் ஸ்பூலைத் தள்ளக் காற்றையே நம்புகின்றன. பொதுவாக 1.5 முதல் 2.5 பாருக்குக் கீழே அவை மாறாது.
2. காற்றின் ஓட்டத்தை மடக்கி வேகத்தைக் குறைக்கும் ஃப்ளோ கண்ட்ரோல் முழுக்க மூடியிருக்கிறதா? டியூப் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா?
3. இரு பக்கமும் காயில் உள்ள வால்வில் எதிர்ப்பக்கக் காயிலுக்கும் கரண்டு நிற்கிறதா? அப்படியானால் ஸ்பூல் நகராது.
4. காற்றை விட்டுவிட்டு, ராடை லோடிலிருந்து பிரித்து, கையால் இழுத்துப் பாருங்கள். ராடு நன்றாக ஓடினால் சிக்கல் கைடிலோ லோடிலோ இருக்கிறது. குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ராடு வளைந்திருக்கும் அல்லது குழாய் நசுங்கியிருக்கும்.
5. எதுவும் இல்லையென்றால் ஸ்பூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வால்வைத் திறந்தால் அனேகமாக அகப்படுவது டெஃப்ளான் டேப் துணுக்கு. டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து சுற்றினால் இந்த வேலையே வராது.

## ஓடுகிறது, ஆனால் மெதுவாக அல்லது பலமில்லாமல்

ஒரு திசையில் மட்டும் மெது: அந்தத் திசையில் காற்று வெளியேறும் வழியைப் பாருங்கள், உள்ளே போகும் வழியை அல்ல. காற்றை விட்டுவிட்டு, வால்வில் காற்று வெளியேறும் (எக்ஸாஸ்ட்) 3 அல்லது 5 எண் போர்ட்டில் உள்ள சைலன்சரைக் கழற்றி, காதடைப்பும் கண்ணாடியும் போட்டு ஒரு ஸ்ட்ரோக் ஓட்டுங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி சைலன்சர். வெண்கலச் சைலன்சரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உலர்த்தி, வெளியிலிருந்து உட்புறமாக ஊதிச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் என்றால் மாற்றிவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஃப்ளோ கண்ட்ரோல். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்து பாருங்கள். தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று அம்புக்குறியையும் சரிபாருங்கள்.

இரு திசையிலும் மெது: ஓடும்போது கேஜ் விழுகிறதென்றால் ஃபில்டர் எலிமென்ட். அதன் இரு பக்கமும் 0.5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கழுவுவதில் நேரம் செலவழிக்காமல் மாற்றுங்கள். கேஜ் விழவில்லை என்றால் அடைப்பு ரெகுலேட்டருக்குப் பின்னால்: குவிக் கப்ளர், டியூப். பழுது பார்த்தவர் கையில் கிடைத்த 6 மி.மீ. டியூபை 8 மி.மீ. இருந்த இடத்தில் குறைப்பான் போட்டு மாட்டியிருப்பது அடிக்கடி பார்க்கக்கூடியது. 6 மி.மீ. டியூபின் உட்துளை வெறும் 4 மி.மீ.

வேகம் சரி, பலமில்லை: கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. சிலிண்டர் 6 பாரில் தள்ளும் விசை ஏறக்குறைய 1,180 நியூட்டன், அதாவது 120 கிலோ எடைக்குச் சமம். 20 மி.மீ. ராடு என்றால் இழுக்கும்போது 990 நியூட்டன்தான். அழுத்தம் 4.5 பாராக இறங்கினால் தள்ளுவதும் 880 நியூட்டனாகிவிடும். லோடு மாறியிருக்கிறதா, கைடு இறுகியிருக்கிறதா என்று பார்த்தபின்தான் பிஸ்டன் சீலைச் சந்தேகிக்க வேண்டும். பலம் போதவில்லை என்று ரெகுலேட்டரைக் கண்டபடி ஏற்றுவது பழுதை மறைக்கும். லைன் அழுத்தத்தையே உயர்த்தினால் ஒவ்வொரு கூடுதல் பாருக்கும் கம்ப்ரஸர் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் மின்சாரம் எடுக்கும்.

## திக்கித் திக்கி நகர்கிறது

வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தால், நொடிக்கு 50 மி.மீ.க்குக் கீழே சாதாரண சிலிண்டர் இப்படித்தான் நடந்துகொள்ளும். அது பழுதல்ல, மெதுவாக ஓடத் தனி வகைச் சிலிண்டர் வேண்டும்.

வேகம் போதுமான அளவில் இருந்தும் திக்கினால், உள்ளே வரும் காற்றை மடக்கும்படி ஃப்ளோ கண்ட்ரோல் மாட்டியிருக்கிறதா பாருங்கள். வெளியேறும் காற்றை மடக்க வேண்டும். அடுத்து ராடும் லோடும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? ராடு முனைப் பின்னைக் கழற்றும்போது ராடு ஒரு பக்கமாகத் துள்ளினால் கோணல் இருக்கிறது. சற்று அசைந்து கொடுக்கும் ஃப்ளோட்டிங் ஜாயின்ட் போட்டால் தீரும். கோணலை விட்டுவிட்டு சீல் மட்டும் மாற்றினால் புது சீலும் அதே பக்கம் தேயும்.

உலர்ந்த சீலும் காரணமாகலாம். லூப்ரிகேட்டர் உள்ள இயந்திரம் என்றால் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை எண்ணெய் கொடுக்கத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது, தயாரிப்பின்போது வைத்த கிரீஸை அது கழுவிவிட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 தரத்து நியூமேட்டிக் எண்ணெய் போதும். என்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் வேண்டாம். பிரேக் ஆயில் நைட்ரைல் ரப்பர் சீலை ஊதிப் பெருக்க வைக்கும். அதன்பின் சிலிண்டர், வால்வு எல்லாம் சேர்ந்து ஒட்டும்.

## முனையில் ‘டக்’கென்று அடிக்கிறது

சிலிண்டர் மூடியில், முனைக்கு வரும்போது வேகத்தைத் தணிக்கும் குஷன் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் முனைக்குச் சற்று முன்பே நின்று தயங்கும். அங்கிருந்து கொஞ்சம் தளர்த்தினால் சரியான இடம். காற்று இருக்கும்போது இந்த ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தாதீர்கள்; சில வகைகளில் குண்டு போலத் தெறித்து வெளியே வரும். ஸ்க்ரூ எதற்கும் மசியவில்லை என்றால் குஷன் சீல் போயிருக்கும். லோடு கூடியிருந்தால் வெளியே ஷாக் அப்சார்பர் வைப்பதே வழி.

## நிற்கும்போதும் வால்வின் எக்ஸாஸ்டில் ஓயாமல் காற்று

அதிகம் தவறாகத் தீர்ப்பெழுதப்படும் அறிகுறி இது. காற்று வால்வில் வருகிறது என்று வால்வை மாற்றுவார்கள், அது நிற்காது. காரணம், சிலிண்டரின் பிஸ்டன் சீல் போனாலும் காற்று பிஸ்டனைத் தாண்டி, மறுபக்க டியூப் வழியாகத் திரும்பி, அதே எக்ஸாஸ்ட் போர்ட்டில்தான் வெளியே வரும்.

பிரிக்கும் வழி இது. சிலிண்டர் முழுக்க உள்ளே போய் நிற்கிறது, 5 எண் போர்ட்டில் காற்று கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வின் 2, 4 எண் போர்ட்டுகள் சிலிண்டருக்குப் போகின்றன; அப்போது அழுத்தம் 2 எண் போர்ட் வழியாக ராடு பக்கத்தில் இருக்கிறது. 4 எண் போர்ட்டுக்குப் போகும் டியூப் காலியாக இருக்க வேண்டும். காற்றை நிறுத்தி விடுங்கள். 4 எண் போர்ட்டிலிருந்து டியூபை உருவி, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பிக் கட்டுங்கள். ரெகுலேட்டரைப் பூஜ்யத்திலிருந்து 3 பார் வரை மெதுவாக ஏற்றுங்கள்.

- டியூப் முனையில் காற்று வருகிறது: பிஸ்டன் சீல். சிலிண்டரைக் கழற்றலாம்.
- டியூப் அமைதி, வால்வில் மட்டும் காற்று: வால்வு.
- இரண்டிலும் இல்லை, 6 பாரில் மட்டும் வருகிறது: அதே சோதனையை வழக்கமான அழுத்தத்தில் திரும்பச் செய்யுங்கள்.

வால்வு என்று முடிவானாலும் உடனே வாங்க ஓடாதீர்கள். பைலட் அழுத்தம் குறைந்து ஸ்பூல் பாதியில் நின்றாலும் காற்று இப்படியே கொட்டும். அழுத்தத்தை ஏற்றி, ஓவர்ரைடைச் சிலமுறை அழுத்தி விடுங்கள். மேனிஃபோல்டில் (வால்வுகளை வரிசையாக ஏற்றிய பொதுக் கட்டை) பல வால்வுகள் ஒரே எக்ஸாஸ்டைப் பகிர்ந்தால் கசிவது பக்கத்து வால்வாக இருக்கலாம். சந்தேகப்படும் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி இயக்கி, எதில் சத்தம் மாறுகிறது என்று கேளுங்கள். ரப்பர் சீல் இல்லாத உலோக ஸ்பூல் வால்வுகளில் மிகக் கொஞ்சமான கசிவு இயல்பு.

பிஸ்டன் சீல் மாற்றும்போது குழாயின் உட்புறத்தை விளக்கடியில் பார்த்து, நகத்தை நீளவாக்கிலும் வட்டமாகவும் ஓட்டுங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் சீல் கிட் வீண். குழாயையோ முழுச் சிலிண்டரையோ மாற்றுங்கள். உதடுள்ள சீலின் திறந்த பக்கம் அழுத்தம் வரும் திசையைப் பார்க்க வேண்டும். மூடியின் நீளத் தண்டு நட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ராடு வெளிவரும் வாயில் நுரை பொங்கினால் அது ராடு சீல். ராடைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ராடைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங் கொண்டு திரும்பும் பெரிய வால்வு ஆக்சுவேட்டர்களை (குழாய் வால்வைத் திறந்து மூடும் கருவி) மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் மூடியோடு ஆளையும் தூக்கி எறியும். தயாரிப்பாளரின் ஆளைக் கூப்பிடுங்கள்.

## பாதியில் நிற்கிறது, அடுத்த வேலைக்குப் போகவில்லை

சிலிண்டர் சரியாக முனைக்குப் போய்விட்டது, ஆனால் போய்ச் சேர்ந்த செய்தி பி.எல்.சி.க்கு எட்டவில்லை. சிலிண்டர் மேல், பிஸ்டனிலுள்ள காந்தத்தை உணரும் ரீட் சுவிட்சின் விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, சுவிட்சை மெதுவாக முன்பின் நகர்த்துங்கள். விளக்கு எரியத் தொடங்கும் இடத்தையும் அணையும் இடத்தையும் குறித்து, நடுவில் இறுக்குங்கள். ஓரத்தில் வைத்தால் அதிர்வில் திரும்பவும் தவறும்.

எங்கே நகர்த்தினாலும் எரியவில்லை என்றால் ஒயர், பிறகு சுவிட்ச். இரு ஒயர் ரீட் சுவிட்சை லோடு இல்லாமல் நேராக சப்ளையில் கொடுத்துச் சோதித்தால் அந்த நொடியே போய்விடும். விளக்கு எரிந்தும் பி.எல்.சி. இன்புட் விளக்கு எரியாவிட்டால் கேபிள். இரண்டும் எரிந்தும் நகரவில்லை என்றால் புரோகிராமை எழுதியவரைக் கூப்பிடும் கட்டம் இது.

இருகை பட்டன், கார்டு கதவு, பிரஸ் கிளட்ச்–பிரேக்கின் இரட்டை வால்வு ஆகியவற்றில் தகராறு என்றால் எந்தக் காரணத்துக்காகவும் பைபாஸ் போட்டு ஓட்டக் கூடாது. பாதுகாப்பு வால்வுகளை அங்கீகாரம் பெற்றவர் மட்டுமே பழுது பார்க்க வேண்டும்.

## ரெகுலேட்டர் சொன்னபடி நிற்கவில்லை

காற்றை யாரும் எடுக்காதபோது அழுத்தம் தானாக ஏறினால், ரெகுலேட்டருக்குள் வால்வு அமர்ந்து மூடும் சீட்டில் அழுக்கு. மூடித் துளையில் ஓயாமல் ஊதினாலும் அதுவே, அல்லது டயாஃப்ரம் (உள்ளே உள்ள சவ்வு) கிழிந்திருக்கும். கழற்றித் துடைத்தும் நிற்காவிட்டால் ரிப்பேர் கிட். அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தேவையான அளவுக்குக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி வையுங்கள். மேலிருந்து இறக்கி வைத்த அளவு நிலைக்காது.

## லைனில் தண்ணீர், எக்ஸாஸ்டில் பால் நிறக் கசடு

ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் தடுப்புத் தட்டைத் தொட்டுவிட்டால் ஃபில்டர் இருந்தும் இல்லாததே. தானியங்கி டிரெயின் என்றால் மிதவை அழுக்கில் ஒட்டியிருக்கும். கழற்றி, மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பாலிகார்பனேட் கிண்ணத்தைத் தின்னரிலோ பெட்ரோலிலோ கழுவினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, பிறகு அழுத்தத்தில் சிதறும்.

பிறகு மேலே போங்கள்: கம்ப்ரஸர் டேங்க் தினமும் டிரெயின் செய்யப்படுகிறதா? டிரையரின் கண்டென்சரில் தூசி அப்பியிருக்கிறதா? குளிர்விக்கும் வகை டிரையர் சரியாக இருந்தால் டியூ பாயின்ட் (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். குழாய் அமைப்பையும் பாருங்கள். மெயின் லைன் காற்றோட்டத் திசையில் 100க்கு 1 சரிவோடு இருந்து, கிளைகள் மெயின் லைனின் மேல்புறத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அடிப்புறத்தில் எடுத்த கிளை தண்ணீரை நேராக உங்கள் வால்வுக்குள் இறக்கும். பால் நிறக் கசடு, கம்ப்ரஸர் எண்ணெய் தண்ணீரோடு கலந்து வருவது. அளவு கூடிக்கொண்டே போனால் பிஸ்டன் ரிங்கை அல்லது ஸ்க்ரூ கம்ப்ரஸரில் எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரைச் சந்தேகியுங்கள். அது சர்வீஸ் ஆள் வேலை.

## இம்பேக்ட் ரெஞ்ச், கிரைண்டர் பலமிழக்கிறது

கருவியின் வாயில் ஒரு கேஜ் மாட்டி, டிரிக்கரை அழுத்தியபடி பாருங்கள். பெரும்பாலான கைக்கருவிகளுக்கு ஓடும்போது 6.2 பார் வேண்டும். நீளமான மெல்லிய ஹோஸும் வரிசையாக மாட்டிய கப்ளர்களும்தான் பெரும்பாலும் தின்றுவிடுகின்றன. அழுத்தம் சரியென்றால் வாயில் சில சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். சுறுசுறுப்பு திரும்பினால் பழுது உலர்ச்சிதான். இல்லையென்றால் உள்ளே காற்று தள்ளிச் சுழற்றும் வேன் தகடுகள் தேய்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். கிரைண்டரில் டாக்கோமீட்டர் வைத்து வெற்றோட்ட வேகம் எடுங்கள். வீலில் அச்சிட்ட உச்ச வேகத்தைத் தாண்டினால் வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னர் பழுது, அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

## கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது

முதலில் லீக். இயந்திரங்களை நிறுத்தி, ஏரை மட்டும் திறந்து வைத்து, கம்ப்ரஸர் காற்றை அடைக்கும் (லோடு) நேரத்தையும் ஓய்வாக நிற்கும் நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 3 நிமிடம் லோடு, 9 நிமிடம் ஓய்வு என்றால் 12இல் 3, அதாவது 25 சதவீதக் காற்று கசிந்துகொண்டிருக்கிறது. 10 சதவீதத்துக்குள் கொண்டுவருவது நடக்கக்கூடிய காரியம். 7 பாரில் 3 மி.மீ. துளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 லிட்டர் விடும். அதற்கு மட்டும் 3 முதல் 4 கிலோவாட் போகும்.

புஷ் ஃபிட்டிங்கில் கசிந்தால் டியூபை உருவி நுனியைப் பாருங்கள். கட்டிங் பிளையரால் வெட்டியது முட்டை வடிவத்தில் நசுங்கியிருக்கும், வெளியே பல் பதிந்த கோடுகள் இருக்கும். டியூப் கட்டரால் 10 மி.மீ. நேராக வெட்டி, ஓ-ரிங்கைத் தாண்டி அடிவரை போகும்படி அழுத்திச் செருகி, இழுத்துப் பாருங்கள்.

லீக் இல்லையென்றால் இன்டேக் ஃபில்டர், பெல்ட் இறுக்கம், பிறகு வால்வு பிளேட். பிஸ்டன் கம்ப்ரஸரில் இன்டேக் ஃபில்டர் வாயில் காற்று உள்ளே மட்டும் போக வேண்டும். வெளியேயும் துடித்துத் துடித்துத் தள்ளினால் சக்‌ஷன் வால்வு உடைந்திருக்கிறது. இரண்டு கட்டக் கம்ப்ரஸரில் நடுக் கட்டத்துச் சேஃப்டி வால்வு ஊதினால் உயர் அழுத்தப் பக்க வால்வு கசிகிறது. மோட்டார் நின்றபின் பிரஷர் சுவிட்ச் அடியில் காற்று நிற்காமல் வந்தால் சுவிட்சை மாற்றாதீர்கள். டேங்க் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வில் அழுக்கு, டேங்க் காற்று திரும்பி வருகிறது. டேங்கை முழுக்கக் காலி செய்தபின்தான் அதைத் திறக்க வேண்டும்.

டேங்க் அடியில் ஊசித் துளையளவு துருக் கசிவு தெரிந்தால் வெல்டிங்கில் ஒட்டுப் போடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள தகடும் உள்ளே துருவால் மெலிந்திருக்கும். காற்றை இறக்கி, பயன்பாட்டிலிருந்து விலக்கி, அழுத்தக் கலன் சோதனைக்கு அங்கீகாரம் பெற்றவரை வரவழையுங்கள். சேஃப்டி வால்வு ஊதுகிறது என்று அதை அடைப்பதும் இறுக்குவதும் எந்த நிலையிலும் கூடாது; அது ஊதினால் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தவில்லை என்று பொருள், அல்லது வால்வே போயிருக்கிறது. இரண்டையும் அவரே பார்க்கட்டும்.